உப்பைத் தின்றால் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக்!

வீட்டு மெயின் போர்டை ஒரு முறை எட்டிப் பாருங்கள். கை வைக்க வேண்டாம், பார்த்தால் போதும். கொஞ்சம் பழைய வீடாக இருந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் ஃபியூஸ் கேரியர் உட்கார்ந்திருக்கும். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் இருந்து அகல் விளக்கும் பொம்மையும் மட்டும் வருவதில்லை. இந்த மாதிரி மின்சாரச் சாமான்களும் வருகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ சொல்லித்தரும் ஊர் அது. அங்கே பட்டறையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும், பீங்கானில் கரன்ட் பாயாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். ஸ்விட்ச், பிளக், வயர் உறை எல்லாம் பிளாஸ்டிக்கில் இருப்பது அந்த நம்பிக்கையில்தானே.

பீங்கான் விஷயத்தில் அந்தப் பதில் சரி. ஆனால், அதில் ஒரு சின்ன ‘ஆனால்’ உண்டு. கடலோர ஊர்களில் மின்கம்பத்துப் பீங்கான் மேல் உப்புக்காற்று படியும். பனியோ தூறலோ விழுந்ததும் அந்த உப்பு கரைந்து மெல்லிய ஈரப் படலமாகப் பரவும். கரன்ட் அதன் வழியே ஊர்ந்து கசியும்; சில சமயம் தீப்பொறியே பறக்கும். கடத்தியது பீங்கான் அல்ல, மேலே இருக்கும் உப்புத் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பு இரண்டாகப் பிரிகிறது. சோடியம் ப்ளஸ், குளோரைடு மைனஸ். இப்படி மின்சுமை தாங்கிய துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன, உப்புத் தண்ணீரில் அயனிகள் நீந்துகின்றன. இரண்டும் மின்சாரம்தான், பாதைதான் வேறு.

இந்த இரண்டு பாதைகளும் ஒரே பொருளுக்குள் சந்தித்தால்? அந்தப் பொருள் பீங்கான் இல்லை, பிளாஸ்டிக். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். நம் கடற்கரையில் துருப்பிடித்துக் கரையும் இரும்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆயிரம் மடங்கு அதிகமான மருந்து

பிளாஸ்டிக் என்பது நீளமான சங்கிலி. பாலித்தீன் பையின் சங்கிலியில் ஒவ்வொரு எலெக்ட்ரானும் தன் இடத்தில் பூட்டிக் கிடக்கிறது, நகர வழியில்லை. அதனால் கரன்ட் இல்லை. ஆனால் சில சங்கிலிகளில் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று மாறி மாறி வரும். அங்கே எலெக்ட்ரான்களுக்குக் கொஞ்சம் இளக்கம் உண்டு. இருந்தாலும் அந்தச் சங்கிலியும் தானாகக் கடத்திவிடாது. இருக்கைகள் எல்லாம் நிரம்பிய பஸ் மாதிரி. யாராவது ஒருவர் இறங்கினால்தான் மற்றவர்கள் இடம் மாற முடியும்.

1967-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடெகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில், பாலிஅசெட்டிலின் தயாரிப்பில் சேர்க்க வேண்டிய வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள். கறுப்புத் தூள் வர வேண்டிய இடத்தில் வெள்ளி மாதிரி மின்னும் ஒரு படலம் வந்தது. பிறகு அமெரிக்காவில் ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் இருவருடன் சேர்ந்து அந்தப் படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தினார் ஷிரகாவா. அயோடின் சில எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டது, அதாவது பஸ்ஸில் சில இருக்கைகள் காலியாயின. கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977-ல் இந்தச் செய்தி வெளியானது. 2000-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

ஆனால், கதை இதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1862-ல் லண்டனில் ஹென்றி லெதெபி என்ற மருத்துவத்துறை வேதியியலர், அனிலின் என்ற திரவத்தை அமிலத்தில் கலந்து பேட்டரியை இணைத்தார். பிளாட்டினத் தகட்டின் மேல் நீலமும் பச்சையும் கலந்த படிவு ஒன்று ஒட்டிக்கொண்டது. இன்று நாம் பாலிஅனிலின் என்று சொல்லும் பொருள் அது. கரன்ட் கடத்தும் பிளாஸ்டிக் தன் கையில் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

அனிலின் என்ற பெயரிலேயே நம் ஊர் வாசனை இருக்கிறது. 1826-ல் ஜெர்மானியர் ஒருவர் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தைக் காய்ச்சி வடித்தபோது முதன்முதலில் கிடைத்த திரவம் அது. நீலச் சாயத்துக்குப் போர்த்துக்கீசியர் வைத்திருந்த ‘அனில்’ என்ற சொல்லிலிருந்து அனிலின் வந்தது; அந்த அனிலின் வேரைத் தேடிப் போனால் அரபி வழியாக நம் ‘நீலம்’ வந்து நிற்கும். விருத்தாசலம் இருந்த பழைய தென்னாற்காடு மாவட்டம் ஒரு காலத்தில் அவுரிக்குப் பேர் போனது. திண்டிவனம் பக்கம் இப்போதும் அவுரி விளைகிறது.

உள்ளே போவது யார், வெளியே வருவது யார்?

ஒரு கண்ணாடிக் கோப்பையில் உப்புக் கரைசல். அதில் பாலிபிர்ரோல் என்ற கடத்தும் பிளாஸ்டிக் மெல்லிய படலமாகப் பூசிய ஒரு தகடு. படலத்தின் தடிமன் தலைமுடியை விட மிகக் குறைவு. கூடவே இன்னும் இரண்டு மின்முனைகள். ஒன்று கரன்ட் சுற்றை முடித்து வைக்க, இன்னொன்று வோல்டேஜை அளக்க. இனி வோல்டேஜை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும். எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்பதைக் கருவி கோடாக வரைந்துகொண்டே வரும். ஏறும்போது ஒரு மேடு, இறங்கும்போது ஒரு பள்ளம். மின்வேதியியல் மாணவர்களுக்கு இந்த வளைவு டாக்டருக்கு ஈசிஜி மாதிரி.

வோல்டேஜ் ஏறும்போது படலத்திலிருந்து எலெக்ட்ரான்கள் உருவப்படுகின்றன. சங்கிலியில் ப்ளஸ் சுமை மிஞ்சுகிறது. சுமார் மூன்று நான்கு வளையத்துக்கு ஒரு ப்ளஸ். இயற்கைக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும், கடன் வைக்கப் பிடிக்காது. ஆகவே கரைசலில் நீந்திக்கொண்டிருக்கும் குளோரைடு அயனிகள் படலத்துக்குள் நுழைந்து அந்த ப்ளஸ்ஸைச் சமன் செய்கின்றன. வோல்டேஜ் இறங்கினால் எலெக்ட்ரான்கள் திரும்பி வரும், குளோரைடு வெளியேறும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. படலம் உப்பை மூச்சாக விடுகிறது என்று சொன்னால் அது வெறும் உவமை இல்லை. மூச்சு விடும்போது நெஞ்சு விம்முவது போல இந்தப் படலமும் உண்மையிலேயே விம்மித் தணிகிறது.

‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்’ என்பார்கள். படலமும் அதைத்தான் செய்கிறது. அயனிகள் தனியாக வருவதில்லை, தம்மைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு வரும். உள்ளே உப்பு கூடினால் அதைத் தேடி இன்னும் தண்ணீர் நுழையும். ஊறுகாய் ஜாடியில் உப்பு போட்டதும் எலுமிச்சை தண்ணீர் விட்டுச் சுருங்குமே, அதன் தலைகீழ். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஸ்விட்சைத் தட்டினால் ஊறுவதும் சுருங்குவதும் மாறி மாறி நடக்கும்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. படலத்தை உருவாக்கும்போதே குளோரைடுக்குப் பதிலாகப் பெரிய உடம்புள்ள மைனஸ் அயனியை உள்ளே வைத்துவிடலாம். துணி துவைக்கும் பவுடரில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் ஒன்று இருக்கிறது. டோடிசைல்பென்சீன் சல்ஃபோனேட் என்று வாய் வலிக்கும் பெயர். நீண்ட வால் கொண்ட அந்த அயனி சங்கிலிகளுக்கு இடையே சிக்கிக்கொண்டால் வெளியே வர முடியாது. இப்போது வோல்டேஜை இறக்கினால் என்ன ஆகும்? சங்கிலியின் ப்ளஸ் போய்விட்டது, ஆனால் மைனஸ் அயனி வீட்டை விட்டுப் போக மறுக்கிறது. கணக்கைச் சரிசெய்ய வெளியிலிருந்து சோடியம் உள்ளே வர வேண்டும். அதே பிளாஸ்டிக், அதே உப்பு, ஆனால் போக்குவரத்து தலைகீழ். முன்பு எலெக்ட்ரானை உருவும்போது விம்மியது. இப்போது எலெக்ட்ரானைக் கொடுக்கும்போது விம்முகிறது.

எந்த உப்பு என்பதும் முக்கியம். சோடியம் குளோரைடுக்குப் பதில் லித்தியம் குளோரைடு கொடுத்தால் இந்த இரண்டாவது வகைப் படலம் கூடுதலாக வீங்கும். பொட்டாசியம் கொடுத்தால் குறைவாக. லித்தியம் மூன்றிலும் சிறிய அணு, அது ஏன் அதிகமாக வீங்க வைக்க வேண்டும்? சிறியது என்பதாலேயே அதன் மின்சுமை நெருக்கமாக இருக்கிறது, தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒல்லியான ஆள், ஆனால் கல்யாணத்துக்கு வரும்போது மூட்டை மூட்டையாக லக்கேஜ்.

இந்த விம்மலை வைத்து வேலை வாங்கலாம். 2000-ல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர், பாலிபிர்ரோல் மடிப்புகளை மூட்டுகளாக வைத்து ஒரு நுண்ணிய ரோபோ கையைச் செய்தார்கள். உப்புக் கரைசலுக்குள் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கண்ணாடி மணியைப் பிடித்து நகர்த்தியது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடம்பின் நீர்மமும் ஏறத்தாழ அந்தக் கணக்குதான். நரம்புகள் பேசுவது அயனி மொழியில், கருவிகள் பேசுவது எலெக்ட்ரான் மொழியில். இரண்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளராக இந்த வகைப் பிளாஸ்டிக்கை நரம்பு மின்முனைகளின் மேல் பூசிப் பார்ப்பது அதனால்தான்.

காரைக்குடி, அப்புறம் பாம்பன்

விருத்தாசலம் ஜங்ஷனில் ராமேஸ்வரம் போகும் ரயிலில் ஏறினால் திருச்சி, புதுக்கோட்டை தாண்டிக் காரைக்குடி வரும். அங்கே இருப்பது சிக்ரி என்று எல்லோரும் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துருவை எப்படித் தடுப்பது என்பது இந்த நிறுவனத்தின் முக்கியமான கேள்விகளில் ஒன்று.

அதே ரயில் இன்னும் போனால் பாம்பன். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு ஆண்டுக்கு மேல் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் எஃகுக்குப் பூசியது பாலிசிலாக்சேன் என்ற பெயின்ட். பெயரில் ‘பாலி’ இருந்தாலும் இது கரன்ட் கடத்தும் வகை இல்லை. அது சுவர். உப்பும் ஈரமும் இரும்பைத் தொடாமல் தடுத்து நிற்பதுதான் அதன் வேலை. சுவர் உடையாத வரை கவலை இல்லை.

கடத்தும் பிளாஸ்டிக்கின் வழி வேறு. 1985-ல் அமெரிக்காவின் டேவிட் டிபெரி, துருப்பிடிக்காத எஃகின் மேல் பாலிஅனிலின் பூசினால், அமிலத்தில்கூட எஃகின் பாதுகாப்புத் தோல் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று காட்டினார். படலம் இரும்பிடமிருந்து கொஞ்சம் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு, அதன் மேற்பரப்பில் நெருக்கமான ஆக்சைடு தோல் ஒன்றை வளரவிடுகிறது. வாங்கிய எலெக்ட்ரானைக் காற்றின் ஆக்ஸிஜனிடம் தள்ளிவிட்டு மறுபடி தயாராகிறது. சுவரைப் போல நிற்காமல், காவலாளி போலச் சுற்றி வரும் பூச்சு. துணி கிழிந்தால் தானே தைத்துக்கொள்ளும் சட்டை மாதிரி என்று ஆராய்ச்சி உலகம் துள்ளியது.

காரைக்குடி ஆய்வாளர்களும் பாலிஅனிலினைத் தூளாக்கிப் பெயின்ட்டில் கலந்து, சாதாரண எஃகின் மேல் பூசி, உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அப்படியானால் நம் மீன்பிடிப் படகிலும் கடலோர வீட்டு ஜன்னல் கம்பியிலும் இந்தப் பெயின்ட் ஏன் இன்னும் வரவில்லை?

காரணம், மேலே பார்த்த மூச்சுதான்.

முதல் சிக்கல் கடல் நீரின் குணம். பாலிஅனிலின் அமிலத்தில் பச்சை, அப்போது நன்றாகக் கடத்தும். அமிலம் போனால் நீலமாகும், கடத்தும் திறன் படுத்துவிடும். கடல் நீரோ லேசான காரத்தன்மை கொண்டது. லிட்டருக்கு 35 கிராம் உப்போடு அது பச்சையை நீலமாக்கிவிடுகிறது. பாலிபிர்ரோலுக்கு இந்தத் தொல்லை குறைவு, நடுநிலையான உப்புக் கரைசலிலும் அது வேலை செய்யும். ஆனால் வோல்டேஜ் எல்லை மீறினால் தண்ணீரே அதன் சங்கிலியைத் தாக்கும். கடத்தும் திறன் போனது போனதுதான், திரும்பாது. விம்மியும் தணிந்தும் களைத்த படலம் காலப்போக்கில் விரிசல் விடுவதும் உண்டு. பேட்டரி மாதிரி மின்சாரம் சேமிக்க இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. பூச்சில் ஒரு கீறல் விழுகிறது என்று வையுங்கள். நங்கூரச் சங்கிலி உரசினாலே போதும். கீறலில் இரும்பு கரையத் தொடங்கும், அந்த எலெக்ட்ரான்கள் பக்கத்தில் உள்ள படலத்துக்குள் பாயும். எலெக்ட்ரான் வந்தால் கணக்கைச் சமன் செய்ய அயனி நகர வேண்டும். யார் நகர்வது? உள்ளே இருக்கும் மைனஸ் அயனி வெளியேறலாம், அல்லது வெளியே இருக்கும் சோடியம் உள்ளே ஓடி வரலாம். சோடியம் ஓடி வந்தால் ஆபத்து. படலம் முழுக்க அதற்கு நெடுஞ்சாலை திறந்து கிடக்கிறது. பூச்சுக்கு அடியில் வேகமாகப் பரவி, இரும்பிலிருந்து பூச்சையே உரித்துவிடும். காவலாளியே கதவைத் திறந்து விட்ட கதை. சாதாரண பெயின்ட் இருந்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் உரிந்திருக்காது.

மைனஸ் அயனி வெளியேறினால்? அங்கேதான் இந்தத் துறையின் நம்பிக்கை இருக்கிறது. அந்த மைனஸ் அயனியாகக் குளோரைடை வைக்காமல், துருவைத் தடுக்கும் பாஸ்ஃபேட் போன்ற ஒன்றை முன்கூட்டியே உள்ளே ஏற்றி வைத்தால், கீறல் விழுந்த இடத்தில் மட்டும், கீறல் விழுந்த நேரத்தில் மட்டும், படலம் மருந்தை வெளியே விடும். மீதி இடத்தில் மருந்து அப்படியே இருப்பில் இருக்கும். ஆக, ஒரு கோப்பை உப்புக் கரைசலில் ‘போவது யார், வருவது யார்’ என்று வளைவு வரைந்து பார்ப்பது வெட்டி வேலை அல்ல. பூச்சு இரும்பைக் காப்பாற்றுமா, கெடுக்குமா என்பதே அந்தக் கேள்வியில் தொங்குகிறது.

இப்போதைக்கு இந்தத் தூள்கள் தனியாகப் பூசப்படுவதில்லை. எப்பாக்ஸி போன்ற வழக்கமான பெயின்ட்டுக்குள் சிறிய அளவில் கலக்கப்படுகின்றன. அளவு மிஞ்சினால் தூள்கள் ஒன்றையொன்று தொட்டு அதே நெடுஞ்சாலை உருவாகிவிடும் என்பதால் கைப்பிடி அளவுதான் சரி. ‘நானோ’, ‘ஸ்மார்ட்’, ‘செல்ஃப் ஹீலிங்’ என்றெல்லாம் டப்பாவில் அச்சடித்து ஆயுள் கேரண்டி தரும் பெயின்ட்டைக் கடலோர வீட்டுக்கு வாங்கப் போகிறீர்களா? கடைக்காரரிடம் பளபளப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம். உப்புப் புகைச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது, கீறிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அந்தச் சோதனை எளிமையானது. பூசிய இரும்புத் தகட்டில் கத்தியால் இரும்பு தெரியும் அளவுக்கு எக்ஸ் வடிவில் ஒரு கீறல் போடுவார்கள். பிறகு 35 டிகிரி வெப்பத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்து, 5 சதவிகித உப்புத் தண்ணீரை இரவு பகலாகப் பனி மாதிரித் தூவிக்கொண்டே இருப்பார்கள். சில நூறு மணி நேரம் கழித்துத் தகட்டை எடுத்து, கீறலின் ஓரத்திலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் தூரம் பூச்சுக்கு அடியில் ஊர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள்.